கடைசிக் குளத்துத் தண்ணீர்

மனைவி இறந்த பிறகு குளத்துக்காரருக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கினார்கள். அவர்தான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பினார். "நெஞ்சுரமுள்ள மனுஷன்" என்று தெருமுனையில் பேசிக்கொண்டார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, எதற்காக வந்தோம் என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருப்பார்.

குளத்துக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். அட்டை மில்லின் பின்புறம் வரிசையாகக் குளங்கள் இருந்தன. பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்தபின் மிஞ்சுகிற அழுக்குத் தண்ணீர் முதல் குளத்தில் வந்து விழும். அங்கே கசடு அடியில் தங்கும். அடுத்ததில் பெரிய துடுப்புகள் சுற்றிச் சுற்றிக் காற்றைக் கலக்கும். இப்படியே குளம் மாறி மாறிக் கடைசிக் குளத்துக்கு வரும்போது தண்ணீர் தெளிந்து, அடியில் கிடக்கும் கல் தெரியும். அங்கிருந்து பாதி வயல்களுக்கும் பாதி ஆற்றுக்கும் போகும். முதல் குளத்துக்கும் கடைசிக் குளத்துக்கும் நடுவே நடப்பதெல்லாம் அவர் பொறுப்பு. இளந்தாரியாக வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தலை நரைத்ததும் அந்தக் கரையில்தான்.

மில் இல்லாவிட்டால் ஊர் இல்லை என்று சொல்வது மிகையல்ல. சுற்றுப்பட்டு நகரங்களின் பழைய காகிதமெல்லாம் லாரி லாரியாக இங்கேதான் வரும். முன்பெல்லாம் அது ஆற்றோரப் பள்ளத்தில் கொட்டிக் கிடந்து, புகைந்து, ஊரே இருமிக்கொண்டிருந்தது. குளத்தடிக் கசடைச் செங்கல் சூளைக்காரர் கொண்டுபோய் மண்ணோடு கலந்து கல் அறுத்தார். மில்லின் நீராவி ஒரு குழாய் வழியே ஆஸ்பத்திரிக்குப் போய், அங்குள்ள சலவைக்கூடத்தின் இயந்திரங்களை ஓட்டியது. ஊரின் சாக்கடைக்குக்கூட வேறு போக்கிடம் கிடையாது. நகரசபை தனியாக ஒன்று கட்டப் போகிறோம், கட்டப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் மில்லின் முதல் குளத்திலேயே குழாயை இணைத்துவிட்டது. அது பல வருடத்துக் கதை. ஊர் அதை மறந்தும் போயிருந்தது.

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்தான் அவர் மனைவி இஸ்திரி போட்டாள். படுக்கை விரிப்புகளை மடிப்புக் கலையாமல் அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாயும் கை போலவே ஓயாது. வீட்டில் அவள் பேசுவாள், அவர் கேட்பார். அப்படித்தான் அந்தக் குடித்தனம் நடந்தது. ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். அடுத்த வீட்டுக்காரி பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

மில்லின் அனுமதிக்கு ஆபத்து வந்தது அதற்குப் பிறகுதான். அனுமதிக் காலம் முடிகிற நேரம். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரர்கள், கோடையில் தங்கள் கரையில் நுரை ஒதுங்குகிறது என்று மனுக் கொடுத்திருந்தார்கள். பொது விசாரணை நடத்தி, மக்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்போம் என்று மேலிடத்திலிருந்து அறிவிப்பு வந்தது. மில் மூடினால் பாதி வீட்டில் அடுப்பு எரியாது.

ஊரைத் திரட்டும் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவன் குளத்துக்காரரின் மச்சான். இறந்தவளின் தம்பி, மில் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு வேலையில் இறங்கிவிட்டான். வீடு வீடாக ஏறி இறங்கினான். தொண்டை கட்டிப்போய் கீச்சுக் குரலில் பேசினான். ரொட்டிக்கடைக்காரர் விசாரணை நாளில் கடையைப் பூட்டுவதாக வாக்குக் கொடுத்தார். லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வருவதாகச் சொன்னார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் சீருடையோடு வருவதாகச் சொன்னார்கள்.

குளத்துக்காரரிடமும் வந்தான். "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க அத்தான். தண்ணியைப் பத்தி உங்களை விட்டா யாரு பேசுறது? அப்படியே கடைசிக் குளத்துல ஒரு ஜாடி எடுத்துட்டு வந்துடுங்க. கண்ணால பார்க்கட்டும்."

அவர் தலையாட்டினார். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டினார்.

விசாரணை நாளில் நகரசபை மண்டபம் நிரம்பி, ஜன்னல்களிலும் ஆட்கள் தொத்திக்கொண்டிருந்தார்கள். மேடையில் அதிகாரி. அவருக்கு முன்னால் ஒரு மேஜை. மேஜைமேல் குளத்துக்காரர் கொண்டுவந்த ஜாடி, பேசுகிறவர்களுக்கென்று வைத்த கண்ணாடி டம்ளர்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். செங்கல் சூளைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தன் சூளையே மில்லின் எச்சிலில் பிழைப்பதாகச் சொன்னபோது மண்டபம் சிரித்தது. ரொட்டிக்கடைக்காரர் ஊர் இருமிக்கொண்டிருந்த காலத்தைச் சொன்னார். சலவைக்கூடத்திலிருந்து பேச வந்தவள் கர்ப்பிணி. இறந்தவளோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவள். நீராவி நின்றால் ஆஸ்பத்திரி விரிப்புகளை யார் துவைப்பார்கள் என்று கேட்டுவிட்டு, பேச்சு தடுமாறி உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பிறகு கீழ்ப்பக்கத்து ஊரிலிருந்து ஒரு டீச்சர் எழுந்தார். நடுவயது, மெலிந்த உடம்பு. மில்லை மூடச் சொல்லி வரவில்லை என்றுதான் ஆரம்பித்தார். கோடையில் ஆறு வற்றும்போது தங்கள் ஊருக்கு வருவது பெரும்பாலும் மில் தண்ணீர்தான் என்றும், பிள்ளைகள் அதில்தான் இறங்கிக் குதிக்கிறார்கள் என்றும், அந்தத் தண்ணீரைத் தங்கள் கரையில் வைத்து யாரும் இதுவரை சோதித்ததில்லை என்றும் நிதானமாகச் சொன்னார். பிறகு ஜாடியைப் பார்த்தார்.

"பாக்கத் தெளிவாத்தான் இருக்கு. பிள்ளைங்க வாயில போகுமே, அதான் கவலை. மில்காரங்க இதைக் குடிப்பீங்களா?"

கேள்வி முன்வரிசையில் இருந்த மில் மேலாளருக்கு. அவர் எழுந்து, இது குடிப்பதற்கான தண்ணீர் அல்ல, வயலுக்கும் ஆற்றுக்கும் உரிய தரம் வேறு என்று விளக்கினார். சொன்னது உண்மை. ஆனால் கேட்டவர்கள் காதில் அது மழுப்பலாக விழுந்தது. மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மச்சானின் முகம் வெளிறியது.

அடுத்துப் பேச வேண்டியவர் குளத்துக்காரர். மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையும் நினைவில் இல்லை. எதிரே டம்ளர் இருந்தது, ஜாடி இருந்தது. ஜாடியைச் சாய்த்து டம்ளரை நிறைத்தார்.

"ஐயா, வேண்டாம்," என்றார் டீச்சர். "நான் அதுக்காகக் கேக்கல."

அத்தனை பேர் கூடியிருந்த மண்டபத்தில் அவரைத் தடுத்தது அந்த ஒரு குரல்தான். அவர் நின்ற நிலையில் முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். லேசாகப் புல் வாடை அடித்தது, அவ்வளவுதான். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. மச்சான் ஓடிவந்து கட்டிக்கொண்டு விம்மினான். தன் சட்டை அவன் கண்ணீரில் நனைவது அவருக்குத் தெரிந்தது. யாருடைய சட்டையோ நனைவதுபோல இருந்தது.

அனுமதி கிடைத்தது. இனி ஆற்றின் கீழ்ப்பக்கத்திலும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், அங்குள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டு சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கிடைத்தது. காகிதம், நீராவி, சாக்கடை என்று அதற்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால் ஊருக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. அந்த ஒரு டம்ளர். பத்திரிகையில் அவர் அண்ணாந்து குடிக்கும் படம் வந்தது. ரொட்டிக்கடைக்காரர் அதை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினார். தெருவில் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட வணக்கம் வைத்தார்கள். அவரும் வைத்தார்.

குடித்த மறுநாள் அவருக்கு வயிறு பிடுங்கி எடுத்தது. கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து கிழிந்த துணியாகக் கிடந்தார். மறைக்க வேண்டுமென்று மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அம்மாவின் காரியம் முடிந்து வெளியூருக்குத் திரும்பியிருந்த மகள், படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தாள். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்ததும் சத்தம் போடவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குடித்து வைத்த டீக் கோப்பைகள் ஜன்னல் திட்டில் வரிசையாக நின்றன. அத்தனையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நல்ல தண்ணின்னு நம்பியாப்பா குடிச்சீங்க?"

"இல்லம்மா. குடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம்? ஏதாவது ஆனா ஆகட்டும்னு நெனச்சீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை. "அப்படியும் நெனைக்கல. ஒண்ணுமே நெனைக்கல. டம்ளர் இருந்துச்சு, குடிச்சேன்."

சாவதற்காகக் குடித்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அவள் அழுதிருப்பாள், திட்டியிருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் வேலைபார்க்கும் இடத்துக்குப் போன் போட்டு, விடுமுறையை நீட்டிக்கக் கேட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மில் முற்றத்தில் வெற்றிக் கூட்டம் வைத்திருந்தான் மச்சான். காலையில் ஆள் அனுப்பி, கடைசிக் குளத்துத் தண்ணீர் இரண்டு கேன் வேண்டுமென்று அத்தானிடம் சொல்லச் சொன்னான். எதற்கென்று அவர் கேட்கவில்லை. இரண்டு கேனையும் நிறைத்து, மூடியை இறுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, துடுப்புகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனபோதுதான் பார்த்தார். நீளமான மேஜைகளில் காகித டம்ளர்கள் அடுக்கியிருந்தன. சங்கத்துப் பையன்கள் கேனைச் சாய்த்து ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டு போனார்கள்.

மச்சான் ஒலிபெருக்கியைப் பிடித்தான். தொண்டை இன்னும் சரியாகவில்லை. அன்றைக்கு ஒரு மனுஷன் நமக்காகக் குடித்தார், இன்றைக்கு அவரோடு சேர்ந்து நாம் எல்லாரும் குடிப்போம், இது நம் மில், இது நம் தண்ணீர் என்றான். ஆரவாரம் எழுந்தது. கைகள் மேஜையை நோக்கி நீண்டன. மேலாளரின் கையிலும் யாரோ ஒரு டம்ளரைத் திணித்தார்கள். அவர் வேண்டாமென்றும் சொல்ல முடியாமல், குடிக்கவும் முடியாமல் அசட்டுச் சிரிப்போடு நின்றார்.

குளத்துக்காரருக்கு நேர் எதிரே அந்தக் கர்ப்பிணிப் பெண் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். "அக்காவை நெனச்சுக்கிட்டுக் குடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு உதட்டருகே கொண்டுபோனாள்.

அவர் மேஜையைத் தாண்டி எட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். தண்ணீர் சிந்தி அவள் சட்டையெல்லாம் நனைந்தது.

"வேண்டாம்," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. பிறகு சத்தமாக, முற்றத்துக்கே கேட்கும்படி, "யாரும் குடிக்காதீங்க. கீழ வைங்க," என்றார்.

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. "அத்தான், நீங்களே குடிச்சீங்களே."

"குடிச்சேன். வயித்தால போய்க் கிடந்தேன். உங்க யாருகிட்டயும் சொல்லல." பின்வரிசையில் ஓரிருவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இது வயலுக்குப் போற தண்ணி. ஊர்ச் சாக்கடையும் இதுலதான் வந்து சேருது. உங்க வீட்டுது, என் வீட்டுது, எல்லாம். அழுக்கை எடுத்துத்தான் விடுறோம். ஆனா குடிக்கிறதுக்கு இல்ல."

கையிலிருந்த டம்ளரை எல்லோரும் ஒருமுறை குனிந்து பார்த்தார்கள். முதலில் கீழே வைத்தவர் மேலாளர்.

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?" என்று கேட்டான் மச்சான். ஒலிபெருக்கி அவன் கையிலேயே இருந்ததால் அந்தக் கேள்வி முற்றம் முழுக்க ஒலித்தது.

மகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவ போனதுலேர்ந்து எனக்கு எதுவுமே தெரியல. அன்னைக்கு அந்த டம்ளர்ல என்ன இருந்தாலும் குடிச்சிருப்பேன். நீங்க அதை மில்லு மேல வச்ச நம்பிக்கைன்னு எடுத்துக்கிட்டீங்க. மில்லு நல்ல மில்லுதான். மூடக் கூடாதுதான். அதுக்கு நான் குடிச்சதை சாட்சி சொல்லாதீங்க."

மச்சான் ஒலிபெருக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக டம்ளர்களை மதிலோரத்துச் செடிகளுக்கு ஊற்றினார்கள். கர்ப்பிணிப் பெண் நனைந்த சட்டையோடு நின்றிருந்தாள். மகள் தன் துண்டை எடுத்து அவளுக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஊர் அவரிடம் கொஞ்சம் ஒதுங்கியது. கோபம் என்று சொல்ல முடியாது. ஏமாந்ததில் வந்த கூச்சம். ரொட்டிக்கடைக் கண்ணாடியிலிருந்து படம் காணாமல் போனது. வணக்கம் வைத்தவர்கள் எதிர்ப்பட்டால் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்கள். மில் எப்போதும்போல ஓடியது. லாரிகள் வந்தன, நீராவி போனது, அனுமதியை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

மச்சான் சில நாள் வரவேயில்லை. ஒரு காலையில் வந்து வாசலிலேயே நின்றான். "உள்ள வாங்க மாமா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி நிக்கிறீங்க," என்று மகள் கூப்பிட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றினான். உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினான். வீடு வீடாக அலைந்ததும் கத்தியதும் மில்லுக்காக மட்டும் இல்லை என்றான். "சும்மா உட்கார்ந்தா அக்கா ஞாபகம் வந்துடும் அத்தான். அதான் ஓடிக்கிட்டே இருந்தேன். உங்க மூஞ்சியைக்கூட நான் சரியா பார்க்கல. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

குளத்துக்காரர் அவன் தோளில் கை வைத்தார். டீ ஆறிவிட்டது என்று மகள் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொடுத்தாள்.

நிபந்தனைப்படி ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் எடுக்கும் வேலை தொடங்கியபோது, மில் தரப்பில் குளத்துக்காரரை அனுப்பினார்கள். கீழூர்த் தரப்பில் டீச்சர் வந்தார். அந்த வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். விடுமுறை நாள். ஆறு வற்றி, பாறைகளுக்கு நடுவே கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் ஒரு கோடாக வெள்ளை நுரை ஒதுங்கியிருந்தது. கீழூர்க்காரர்கள் சொன்னது பொய்யில்லை. குளத்துக்காரர் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். மில்லிலிருந்து வருவதா, வழியில் துணி துவைக்கிற சோப்பா, சோதித்தால்தான் தெரியும் என்றார். அதற்குத்தானே வந்திருக்கிறோம் என்றார் டீச்சர்.

குளத்துக்காரர் தண்ணீரில் இறங்கி நின்று பாட்டில்களை நிறைத்துக் கொடுத்தார். டீச்சர் மூடி, துடைத்து, பெட்டியில் வைத்தார். பிறகு டீச்சர், பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க வீட்டம்மா எப்படி இறந்தாங்க?"

ஊரில் அதை அவரிடம் கேட்டவர் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவர் பாட்டிலைத் தண்ணீருக்குள் பிடித்தபடி அப்படியே நின்றார். அது நிறைந்து வழிந்தது.

"அன்னைக்குக் காலையில ஏதோ கதை சொல்லிக்கிட்டு இருந்தா," என்றார். "சலவைக்கூடத்துல யாரோ ஒரு விரிப்பை எரிச்சுட்டாங்களாம். எனக்கு நேரமாயிடுச்சு. வந்து கேக்குறேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "யாரு எரிச்சாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல."

டீச்சர் அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டார். குளத்துக்காரர் தண்ணீரைவிட்டு மேலேறி, ஒரு பாறையில் உட்கார்ந்து, அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தது, மில் வாசலில் லாரி வழிமறித்து நின்றது, ஆஸ்பத்திரியில் அவள்மேல் போர்த்தியிருந்த விரிப்பு. அதன் மடிப்பைப் பார்த்ததுமே அது அவள் கையால் இஸ்திரி போட்டது என்று தெரிந்துவிட்டது என்றார். அந்த இடத்தில் அவரால் மேலே பேச முடியவில்லை. டீச்சர் காத்திருந்தார். பெட்டியில் இன்னும் நிறைக்க வேண்டிய பாட்டில்கள் இருந்தன.